மண்ணின் சுவையும் மறைக்கப்பட்ட கைகளும்

பிரெஞ்சு மொழியில் ‘தெர்வார்’ என்றொரு சொல் உண்டு. மண், சரிவு, வெயில், மழை யாவும் கூடி ஒரு நிலத்துக்கு அளிக்கும் தனித்தன்மையை அது குறிக்கும். அத்தன்மை திராட்சையிற் புகுந்து வைனிற் சுவையாக வெளிப்படுகிறதென்பது வைன் இரசிகரின் வேதவாக்கு. வேலிக்கு இப்பால் விளைந்தது பொன் விலை. அப்பால் விளைந்தது அற்ப விலை. ஏனென்று கேட்டால் மண் அப்படி என்பர்.

மண்ணுக்குக் குணமில்லை என நாம் வாதிடவில்லை. சுண்ணாம்பு நிலத்துத் திராட்சையும் களிமண் நிலத்துத் திராட்சையும் ஒன்றல்ல என்பதை எந்த உழவனும் அறிவான். மண்ணைப் போற்றுவோர் அம்மண்ணை ஆக்கியவனை மறந்ததேன் என்பதே நமது கேள்வி.

போர்டோவைப் பார்ப்போம். அங்கே மெடொக் பகுதியிற் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தை 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டி வடித்தனர். 1855இல் பாரிசுக் கண்காட்சிக்காக அப்பகுதியின் சிவப்பு வைன்கள் ஐந்து படிகளாக வகுக்கப்பட்டன. வகுத்தோர் மண்ணை ஆராய்ந்தவரல்லர்; தரகர். அவர் கொண்ட அளவுகோல் சந்தை விலை. மேலும், அப்படி நிலத்துக்கு அளிக்கப்படவில்லை. மாளிகையின் பெயருக்கே அளிக்கப்பட்டது. மாளிகையின் உடைமையாளர் அதே ஊரெல்லைக்குள் அயற்காணியை வாங்கிச் சேர்த்தால், நேற்றுவரை நாதியற்றுக் கிடந்த அக்காணியின் வைனும் உயர்குலப் பெயர் தாங்கலாம்! சாதிப் பெருமை பேசும் சமூகத்திற் பிறந்த நமக்கு இந்த வித்தை புதிதன்று.

வேரின் கதையோ இன்னும் வேடிக்கை. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு தின்றது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டியே தோட்டங்களை மீட்டனர். புனித மண்ணைத் தொட்டு நிற்பது அந்நிய வேர். பேர்கண்டியின் சரிவுகளிலே, மழை அரித்துச் சென்ற மண்ணைத் தொழிலாளர் கூடையிற் சுமந்து மீண்டும் மேலே கொட்டினர். இயற்கையின் கொடை என்று கிண்ணத்தை உயர்த்துவோர் அக்கூடையைக் கண்டதில்லை.

நமது திணை மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. ஆயினும் அங்கே நின்றுவிடவில்லை. அந்நிலத்து மக்களின் தொழிலையும் கருப்பொருளுள் வைத்தது. வைன் இரசிகரோ முதற்பொருளை வைத்துக்கொண்டு தொழிலை வெட்டியெறிகிறார். ஊவா, திம்புளை, நுவரெலியா என்று மலையின் பெயரைச் சொல்லித் தேயிலை விற்கும் நமது நாட்டிலும், 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட கொழுந்து பறிப்போரின் கதையைத் தேயிலைப் பெட்டி சொல்வதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தின் பெயர் ஒரு காலத்தில் ஏழை விவசாயியின் ஆயுதமாகவும் இருந்தது. ஷாம்பேன் வணிகர் வெளி மாகாணங்களின் மலிவுத் திராட்சையை இறக்கி, உள்ளூரானைப் பட்டினி போட்டனர். 1911இல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்து வணிகரின் வைனைத் தெருவிற் கொட்டினர். ஆய் என்ற ஊரிலே வணிக மாளிகைகள் எரிந்தன. படை வந்தது. எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட ஓப் மாவட்டத்தாரும் அதே ஆண்டிற் போராடினர். 1927ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களை முழுமையாக உள்ளே சேர்த்தது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் மண் மாறவில்லை, சட்டம் மாறியது.

இன்று அந்த ஆயுதம் யார் கையில்? ஷாம்பேன் திராட்சையைக் கையாலேயே பறிக்க வேண்டுமென்பது விதி. 2023 செப்டெம்பரில் கடும் வெயிலிடையே நடந்த அறுவடையின்போது பறிப்போர் சிலர் மாண்டனர். அதே பருவத்தில், பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த 50க்கு மேற்பட்ட தொழிலாளர், மனிதர் வாழத் தகாத விடுதியில் அடைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2025 யூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தற் குற்றவாளிகளெனத் தீர்த்தது.

தொழிலாளரின் வேலை நிலைமையையும் ஷாம்பேன் என்ற பெயருக்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாக்க வேண்டுமெனத் தொழிற்சங்கத்தார் கோருகின்றனர். நியாயமான கோரிக்கை. கொடிக்கும் கொடிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டுமென எழுதிவைத்த விதிநூலில், பறிப்பவன் இரவில் எங்கே படுக்க வேண்டுமென்று எழுத ஒரு வரிக்கு இடமில்லையா?