அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



ஓசூர் சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கமும் கம்பெனி வேனில் வேலைக்குப் போகும் பெண்களில் கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் உண்டா, எத்தனை மணி நேரம் நிற்கிறாய், தூக்கம் வருகிறதா என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் தாய் படும் அல்லல் பிள்ளையையும் தொடக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பனிப்புயல் முடக்கியது. சில வீடுகளில் ஒரு மாதத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அப்போது கருவுற்றிருந்த பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் ஆய்வாளர் சூசன் கிங் குழுவினர் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அதிகம் அல்லல்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் இரண்டு வயதில் பேச்சிலும் அறிவுத்திறனிலும் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். யார் வீடு எத்தனை நாள் இருண்டு கிடந்தது என்பது தாயின் மன உறுதியைப் பொறுத்ததல்ல. “சந்தோஷமா இரும்மா, பிள்ளைக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே சான்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஆவதில்லை. பிறந்தபின் கிடைக்கும் அரவணைப்பு நிறையவே ஈடுசெய்யும். இதைப் படிக்கும் எந்தத் தாயும் அஞ்ச வேண்டாம்.

பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டுக்கொண்டால்தான் அது பொருந்தும். கான்ட்ராக்டில் இருப்பவள் எந்தத் தைரியத்தில் கேட்பாள்? வயிறு தெரிந்தால் வேலை போய்விடும் என்றல்லவா பயப்படுகிறாள்! ஒடிசாவிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவளுக்கு சூப்பர்வைசரிடம் பேச மொழியும் இல்லை.

ஐயா, அவளுக்குப் பதிலாக உங்கள் நிர்வாகம் கேட்கட்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே கிராம சுகாதார செவிலியர் வேலை நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். அவள் சம்மதித்தால், உட்கார்ந்து செய்யும் வேலையும் பகல் ஷிப்டும் தரச் சொல்லி அரசு மருத்துவரின் கடிதம் ஆலைக்குப் போகட்டும். கடிதம் போன பிறகு அவளை வேலையை விட்டு நிறுத்தினால், தொழிலகப் பாதுகாப்புத் துறை நேரில் விசாரிக்க வேண்டும். மனச்சோர்வைக் கண்டறியச் செவிலியர்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2009 முதலே அங்கே தாய்-சேய் மனநலப் பிரிவு இயங்குகிறது.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஆலை நிர்வாகங்களை அடுத்த முறை அழைத்துப் பேசும்போது இதை முதல் பொருளாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.