கச்சத்தீவில் காணிக்கை, நெடுந்தீவில் கிழிந்த வலை

விசுவாசத்தில் வளர்வது எப்படின்னு எங்க கடற்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் கைவசம் இருக்கும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், முதல் வெள்ளி, வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணி, ஓரியூர் செம்மண் ஒரு பொட்டலம், காலையில் போனில் வந்து விழும் ஒரு வசனம். நான் இதில் எதையும் கிண்டல் பண்ணவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இதெல்லாம் படகேறிக் கடலுக்குள் போகிறதா, இல்லை கரையோடு நின்றுவிடுகிறதா?

இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க, அது போதும் :-)

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் என்று எங்கள் தீவு முழுக்கக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் நிறைய. கிழக்கே கடலுக்குள் கச்சத்தீவு. மொத்தமே 285 ஏக்கர். குடியிருப்பவர் யாரும் இல்லை, அந்தோணியார் மட்டும் இருக்கிறார். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனாலும், நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் போய்வரலாம் என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்திலேயே உண்டு. போர்க் காலத்தில் நின்றுபோன திருவிழா 2010-ல் மறுபடி தொடங்கியது. பிப்ரவரி, மார்ச்சில், தவக்காலத்தை ஒட்டி இரண்டு நாள். இங்கிருந்து வேர்க்கோடு பங்குச் சாமியார் தலைமையில் படகுகள் போகும். அங்கிருந்து யாழ்ப்பாணம், நெடுந்தீவு மக்கள் வருவார்கள். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர், விடிந்ததும் பூசை. பெரும்பாலும் தமிழில். இவர்களும் மீனவர், அவர்களும் மீனவர், ஒரே பீடம், ஒரே அப்பம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பூசையில் நம் பக்கத்தில் முழந்தாளிட்டு நிற்கிற நெடுந்தீவுக்காரரின் வலையை அறுத்தது யார்?

கசப்பான பதில்தான். நம் விசைப்படகுகள். இழுவை மடி என்பது மேலே மிதந்துபோகிற வலை இல்லை. பலகை, இரும்புச் சங்கிலி கட்டி, கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு போகிற வலை. குறுக்கே எவன் வலை விரித்திருந்தாலும் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வடக்கு இலங்கைச் சிறு மீனவர்களில் பெரும்பாலோர் சின்னப் படகில் போய் இரவில் வலை விரித்துக் காத்திருப்பவர்கள். போர்க் காலத்தில் அவர்களைக் கடலுக்குள் இறங்க விடவில்லை. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கி இறங்கினார்கள். அந்த வலைதான் அறுபடுகிறது. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் சிங்களர் இல்லை, சுமந்திரன் என்கிற தமிழ் எம்.பி. அதை நாம் யோசித்துப் பார்த்தோமா?

மத்தேயு 5:23, 24. எல்லோரும் கேட்ட பகுதிதான். காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு சகோதரன் ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு சமாதானம் ஆகு என்கிறார் ஆண்டவர். நாம் இதை எப்படிப் புரிந்துகொள்கிறோம்? 'எனக்கு யார் மேலும் கோபம் இல்லை சாமி, நான் போய் நன்மை வாங்கலாம்' என்று. ஆனால் அவர் கேட்பது அது இல்லை. உனக்கு அவன் மேல் குறை இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அவனுக்கு உன் மேல் குறை இருக்கிறதா என்று கேட்கிறார். இரண்டுக்கும் ஒரு கடல் தூரம். முதல் கேள்விக்கு மனசைத் தடவிப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுக்கு அவனிடம் போய்த்தான் கேட்க வேண்டும். கச்சத்தீவில் அவன் பக்கத்திலேயே நிற்கிறான். இதைவிட வசதியாக யாருக்கு அமையும்?

உடனே வரப்போகிற எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'எங்களை அடிக்கிறது, பிடிக்கிறது, படகைப் பறிக்கிறது தெரியலையா?' தெரியும். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து செத்தார். இலங்கைக் கடற்படை தாங்கள் சுடவில்லை என்றது. அந்தத் தாயின் கண்ணீருக்கு இன்றுவரை பதில் இல்லை. அதைக் கேட்பதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு கடற்படையோடு. நெடுந்தீவில் வலையைப் பறிகொடுத்தவன் துப்பாக்கி எடுக்கவில்லை. ஒரு அநியாயத்தைக் காட்டி இன்னொன்றை மூடிவிட முடியாது.

'அது நம்ம பாட்டன் பூட்டன் மீன் பிடிச்ச கடல்.' ஆமாம். பாய் விரித்து, கையால் வலை போட்டுப் பிடித்தார்கள். பாட்டன் காலத்து உரிமையைக் கேட்கிறவர்கள் எந்தப் பாட்டன் டீசல் எஞ்சின் வைத்து இழுவை மடி இழுத்தான் என்றும் சொல்ல வேண்டும்.

'அவங்க மட்டும் யோக்கியமா?' அங்கேயும் குருநகர் மாதிரி இடங்களில் இழுவைப் படகு வைத்திருந்தவர்கள் உண்டு. இருக்கட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய்ப் பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தையா சொல்வோம்?

'வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?' இதுதான் நியாயமான வாதம். இதற்கு முன்னால் நானும் குரலைத் தாழ்த்துகிறேன். படகில் போகிற கூலியாள் முதலாளி இல்லை. கடன், வட்டி, டீசல் எல்லாம் அவன் கழுத்தில்தான். ஆழ்கடல் படகுக்கு மாற 2017-ல் ஒரு திட்டம் வந்தது. படகு 80 லட்சம், மானியம் போக மீதி கடனும் கைக்காசும். மூன்று வருஷத்தில் 2000 படகு என்றார்கள், கடலில் இறங்கியதோ அதில் மிகச் சொற்பம். பாக் நீரிணையில் பழகியவனை வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போ என்றால் பயப்படத்தான் செய்வான். அதனால் நான் கூலியாளைக் குற்றம் சொல்லவில்லை. படகுக்குப் புனிதர் பெயர் வைத்து, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லும் முதலாளிகளைச் சொல்கிறேன். நாட்டுப்படகு வைத்திருக்கும் நம் ஊர் ஏழை மீனவனே அந்த மடியால் பாதிக்கப்படுகிறான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தானே விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று பிரித்து வைத்திருக்கிறோம்?

'அரசியலை ஆன்மிகத்தில் கலக்காதே.' இதைச் சொல்பவர்கள் ஒரு நாள் ஓரியூருக்குப் போய்வர வேண்டும். 1693 பிப்ரவரி 4-ம் தேதி அங்கே அருளானந்தரை ஏன் வெட்டினார்கள்? நவநாள் நடத்தினார் என்றா? நோய் தீர்ந்து விசுவாசத்துக்கு வந்த தடியத்தேவரிடம், மனைவியரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள் என்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி குடும்பத்துப் பெண். அந்தப் பெண்களின் கதி என்ன என்று இன்று யாராவது கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். நான் சொல்ல வருவது வேறு. அந்த மனிதர் கொண்டுவந்த வேதம் வீட்டுக்குள் போனது, அரண்மனை வரை போனது, அதனால் தலை போனது. நாம் மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம்.

வேதத்தைத் தியானிக்க மீனவனைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? பாதிப் பக்கத்தில் வலையும் படகும்தான். லூக்கா 5-ல் பேதுருவுக்கு மீன் அளவுக்கு மேல் விழுந்ததும் என்ன செய்தார்? அடுத்த படகில் இருந்தவர்களைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். இரண்டு படகும் நிறைந்தது. யோவான் 21-ல் 153 பெரிய மீன் விழுந்தும் வலை கிழியவில்லை. யோவான் 6-ல் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு மிச்சத் துண்டுகளை வீணாக்காமல் பொறுக்கச் சொன்னார். நாம்? இறாலோடு மடியில் ஏறும் குஞ்சு மீனை 'சங்காயம்' என்று தனியாகக் கொட்டி, கோழித்தீவனத்துக்கு அரைக்க எடை போடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்கு ஓய்வு கொடுக்க அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருக்கிறது. நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்லும் லேவியர் 25-ஐ வைத்திருக்கிற நாம் அதைச் சுமையாகப் பார்க்கிறோம்.

2010 ஆகஸ்டில் இரு பக்க மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசி, ஒரு வருஷத்தில் இழுவை மடியை விடுவதாக நம் பக்கம் ஒப்புக்கொண்டது. 2014-லும் சென்னையில், கொழும்பில் பேசினார்கள். கொடுத்த வாக்கு அப்படியே கிடக்கிறது. 2024-ல், பிடிபட்ட நம் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்துத் திருவிழாவையே புறக்கணித்தோம். கோபத்தைக் காட்டப் பூசையை நிறுத்த முடிகிற நமக்கு, சமாதானத்துக்காக மடியை நிறுத்த முடியாதா?

பெரிய புரட்சி எல்லாம் கேட்கவில்லை. அன்பியக் கூட்டத்தில் வாராவாரம் வசனம் வாசிக்கிறோமே, ஒரு வாரம் மத்தேயு 5-ஐ நெடுந்தீவுக்காரனை நினைத்து வாசிப்போம். அடுத்த கச்சத்தீவு திருவிழாவில் மெழுகுவர்த்திக்குச் செலவழிப்பதில் பாதியை ஒரு உண்டியலில் போட்டு, வலை இழந்த குடும்பங்களுக்கென்று அந்தப் பங்குச் சாமியாரிடம் கொடுப்போம். சக்கேயு நாலு மடங்கு திருப்பித் தந்தான், நாம் நாலில் ஒரு பங்கில் ஆரம்பிப்போம். படகு மந்திரிக்கப் போகும் சாமியார்கள், மந்திரிக்கும் முன் 'இது எந்த மடி?' என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிஷம் போதும். பதில் சொல்லத்தான் விசுவாசம் வேண்டும்.