பங்காவின் கயிறு

வரவர நம்மவர்களுக்குப் பழமையின் மேல் ஒரு மோகம் பிறந்திருக்கிறது. பாட்டன் கட்டிய வீட்டை இடித்துத் தள்ளி, அந்த மனையில் நாலு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டவர், விடுமுறை வந்ததும் வேறு யாருடைய பாட்டனோ கட்டிய வீட்டைத் தேடிக்கொண்டு போகிறார். அங்கே தேக்குக் கட்டிலில் படுத்து, முற்றத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, 'அடடா, அந்தக் காலம்!' என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். இப்படிப்பட்ட சில இடங்களில் ஓர் இரவு வாடகை, எங்கள் திருப்பூரில் பவர் டேபிளில் குனிந்து தைக்கிறவரின் பாதி மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். 'பாரம்பரிய ஹோட்டல்' என்று அதற்குப் பெயர்.

சண்டைக்குப் புறப்படுகிறவன் முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அதுதான் மரியாதை. செட்டிநாட்டில் எத்தனையோ மாளிகைகள் பூட்டிக் கிடந்தன. பங்காளிகள் நாற்பது பேர், நாற்பது ஊரில் இருப்பார்கள். கூரை ஒழுகினால் யார் மாற்றுவது? கடைசியில் வீடு விலைக்குப் போகும். தூண் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் என்று பிரிந்து, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வந்து சாய்ந்து நிற்கும். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் இந்தக் கதிக்கு ஆளாகாமல் தப்பியதற்கு ஹோட்டல்காரர்களே காரணம். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சர்க்கார் காப்பாற்றும் என்று சொல்வதற்கும் வழியில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் 'மேரி' என்ற பழைய நகரசபைக் கட்டடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். சர்க்காரின் பொறுப்பில் இருந்த அது 2014 நவம்பரில், மழைக்குத் தாங்காமல் இடிந்து விழுந்தது. பிறகு அதே உருவத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். செத்துப்போன தாத்தாவுக்கு மெழுகுச் சிலை வைத்த மாதிரி! தமிழ்நாட்டிலோ பாரம்பரிய ஆணையத்துக்கென்று 2012-ல் சட்டம் நிறைவேற்றிவிட்டு, அதை நெடுங்காலம் கிடப்பிலே போட்டிருந்தார்கள். ஆகவே, 'ஹோட்டல் இல்லாவிட்டால் வீடே இராது' என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. எதைக் காப்பாற்றுகிறோம் என்பது முதல் கேள்வி. எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது இரண்டாவது.

ஓர் இலக்கிய விழாவுக்கு அழைத்திருந்தவர்கள், நகரத்தின் நடுமையத்தில் உள்ள இப்படியோர் ஹோட்டலில் என்னை இரண்டு இரவு தங்கவைத்தார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்பது வேண்டாம். உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி போல் வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சு, பித்தளைக் கைப்பிடி, ஆள் உயர ஜன்னல். அறையின் நடுவே உத்தரத்திலிருந்து ஒரு பங்கா தொங்கியது. மரச்சட்டம், அதிலே குஞ்சம் வைத்த துணி. கீழே மேஜைமேல் ஒரு சிறு அட்டை: இது இன்ன ஆண்டுப் பங்கா, இன்ன மரம், இன்ன துரை இந்த அறையில் தங்கியிருந்தார்.

நான் அந்தப் பங்காவை நெடுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதிலே ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று பிறகுதான் புரிந்தது: கயிற்றைக் காணோம்.

பங்கா தானாக ஆடாது, வாசகர்களே. அதன் கயிறு சுவரில் ஒரு துவாரத்தின் வழியாக வெளியே போகும். அந்தக் கயிற்றின் நுனியில், தாழ்வாரத்தில், ஒரு மனிதன் இருப்பான். துரை தூங்குவதற்காக அவன் விழித்திருப்பான். கை ஓய்ந்தால் காலில் கட்டிக்கொண்டு இழுப்பான். கண் அசந்துவிட்டால் உள்ளேயிருந்து பூட்ஸ் பறந்து வரும். அடித்ததில் பங்கா இழுப்பவன் செத்துப்போய், துரை அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்பிய வழக்குகள் வெள்ளைக்காரன் காலத்தில் உண்டு. அட்டையில் மரத்தின் பெயர் இருந்தது. துரையின் பெயர் இருந்தது. கயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுவரிலே துவாரம் இருந்த இடத்தைக்கூட அழகாகப் பூசி மறைத்துவிட்டார்கள்.

'செப்பனிட்டது' என்கிறார்களே, அதன் பொருள் இதுதான். சுவரைச் செப்பனிடுகிறபோதே சரித்திரத்தையும் செப்பனிட்டுவிடுகிறார்கள். பாதி வீடு நிற்கிறது. பாதி வீடு பூச்சுக்குள் போய்விடுகிறது. நிற்கிற பாதி, துரை படுத்த பாதி.

இது ஓர் அறையின் கதை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஒரு நகரத்தின் கதையே இப்படித்தான் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோடிலிருந்து பிரிகிற தெருவொன்றுக்குப் பின்னி ரோடு என்று பெயர். அங்கேதான் கன்னிமாரா ஹோட்டல் இருக்கிறது. 1854-ல் 'இம்பீரியல்' என்ற பெயரில் ஆரம்பித்து, 1886 முதல் 1890 வரை சென்னைக் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைப் பிறகு சூட்டிக்கொண்டது. 1930-களில் புதுக் கோலம் பூண்டது. சமீபத்தில் மறுபடியும் பெரிய அளவில் செப்பனிட்டு 2018-ல் திறந்தார்கள். நல்ல காரியம். நூற்றாண்டைத் தாண்டிய ஹோட்டல் ஒன்று ஹோட்டலாகவே நீடிப்பது நம் நாட்டில் அதிசயம்தான்.

ஆனால் தெருவின் பெயரைக் கவனியுங்கள். பின்னி! காக்கித் துணிக்குப் பேர்போன கம்பெனி. 1876-ல் பக்கிங்ஹாம் மில், சில ஆண்டுகளில் கர்னாடிக் மில் என்று பெரம்பூர்ப் பக்கம் ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே நூற்றார்கள், நெய்தார்கள். 1918 ஏப்ரலில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயற்சி எடுக்க, வாடியாவும் திரு. வி. க.வும் தலைமை தாங்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். 1921-ல் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதோடு முடியவில்லை. வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று தொழிலாளர்கள் பிளந்தார்கள். பிளவு சாதிப் பிளவாகி, புளியந்தோப்பில் ஏழை ஆதிதிராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. பெருமையும் வெட்கமும் ஒன்றாகப் பின்னிய சரித்திரம் அது.

அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. சில காலம் அங்கே சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். இப்போது அந்த மண்ணில் வானளாவ அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. கவர்னர் பெயர் கொண்ட ஹோட்டல் பொலிவோடு நிற்கிறது. நாட்டுக்கு முதல் தொழிற்சங்கத்தைத் தந்த மில் போய்விட்டது. ஹோட்டல்காரர்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் வீட்டைக் காத்தார்கள். மற்றதைக் காக்க ஓர் ஆளும் இல்லாமல் போனது யார் குற்றம்? கட்டில் போட்டு வாடகை வாங்க முடிகிற பழமைதான் பழமை, மற்றதெல்லாம் இடிபாடு என்று தீர்ப்பு எழுதிவிட்ட நம்முடைய குற்றம்.

'மில்லில் என்ன ஐயா அழகு? அங்கே போய் யார் தங்குவார்கள்?' என்று ஒரு நண்பர் கேட்டார். ஸ்காத்லாந்தில் தங்குகிறார்கள்! நியூ லானார்க் என்று ஒரு பஞ்சாலைக் கிராமம். 1786-ல் டேவிட் டேல் என்பவர் ஆரம்பித்த நூல் ஆலை. பிற்பாடு அவருடைய மருமகன் ராபர்ட் ஓவன் நடத்தினார். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலையிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தவர் ஓவன். 1968-ல் ஆலை மூடிவிட்டது. ஆனால் அதை யாரும் மனை போட்டு விற்கவில்லை. 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆலைக் கட்டடம் ஒன்று இன்று ஹோட்டல். அதன் பக்கத்திலேயே நூற்பு யந்திரம் ஓடுகிறது. தொழிலாளி குடியிருந்த அறை இருக்கிறது. குழந்தைகள் படித்த பள்ளி இருக்கிறது. இப்போதும் குடியிருக்கிற ஜனங்களும் இருக்கிறார்கள். ஹோட்டலும் வேண்டும், உண்மையும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடம் உண்டு. மனசுதான் வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். திருப்பூரில் அரண்மனை கிடையாது. துரை மாளிகைக்குப் பேர்போன ஊருமல்ல. 'உங்கள் ஊரில் என்ன பழமை இருக்கிறது?' என்று கோயமுத்தூர்க்காரர்களே கேலி செய்வார்கள். இருக்கிறது. 1920-களில் பனியன் யந்திரம் வந்தது முதல், 1970-களின் கடைசியில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி தொடங்கி, இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்புகிற ஊர் இது. 1932 ஜனவரியில் கொடியை விடாமல் குமரன் அடிபட்டு விழுந்த ஊர். 1984-ல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலை நிறுத்தம் செய்த ஊர். சாயத்தண்ணீரால் நொய்யலைச் சாகடித்துவிட்டு, 2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது விழித்துக்கொண்ட ஊரும் இதுதான்.

குமரனுக்கு மண்டபம் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் என்ன இருக்கிறது? ரம்பப் பல் மாதிரிக் கூரை போட்ட பழைய நூல் மில்கள் ஒவ்வொன்றாக இடிந்து, 'சைட்' என்று கல் நட்டு விலைபோகின்றன. கட்டிங், கைமடி, செக்கிங், அயர்னிங் என்று ஒரு சந்துக்குள்ளேயே ஓர் உலகம் இயங்கிய பழைய பனியன் கம்பெனிகள், ஓடு பிரித்த மறுநாளே சுவடில்லாமல் போகின்றன. கொங்குநாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகளும் அப்படியே. இதை இடித்தவரே நாளைக்குக் காரைக்குடியிலிருந்து நாலு தூண் வாங்கி வந்து நிறுத்தி, வெளிநாட்டு 'பையர்' தங்குவதற்குப் பாரம்பரிய ஹோட்டல் கட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு வீட்டின் எலும்பை எடுத்து இன்னொரு வீட்டுக்கு வயது ஏற்றுகிற வித்தை!

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. 'கஷ்டப்பட்டவர்களுக்கே அதை மறந்தால் போதும் என்றிருக்கிறது. நீர் யார் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க?' என்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஆத்தா ஒருவர் இருக்கிறார். பதினைந்து வயதிலிருந்து நூல் மில்லில் வேலை பார்த்தவர். அவரிடமே கேட்டேன்.

"ஏன் ஆத்தா, நீங்க வேலை பார்த்த மில்லை இடிக்காமல் அப்படியே வைத்திருந்தால் போய்ப் பார்ப்பீர்களா?"

"அதைய எதுக்குத் தம்பி போட்டு வெச்சுப் பார்த்துக்கிட்டு? பஞ்சுத் தூசி தின்னதுதான் மிச்சம்" என்றார் பட்டென்று. நான் தோற்றேன் என்று நினைத்து எழுந்தேன். அவர் விடவில்லை. "அந்தச் சங்கு இருக்குது பாரு, மில்லுச் சங்கு? அதைய வேணும்னா எடுத்து வெக்கச் சொல்லு. கைக்குழந்தை பால் குடிச்சிட்டிருக்கும், அது ஊதிப் போடும். பிச்சு எடுத்துட்டு ஓடோணும். அது ஊதாம சும்மா உக்கார்ந்திருக்கறதை ஒருக்காக் கண்ணால பார்க்கோணும் தம்பி."

பழமையைப் பேணுவது எதற்காக என்று இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னவர் இல்லை. பெருமூச்சு விடுவதற்கு மட்டும் அல்ல, கணக்குத் தீர்த்துக்கொள்வதற்கும் அது வேண்டும். நம்மை ஆட்டிப் படைத்த ஒரு பொருள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனிதனுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைத்தான் இடித்துத் தள்ளுகிறவரும் பறிக்கிறார், பூசி மறைக்கிறவரும் பறிக்கிறார்.

பழைய வீட்டை ஹோட்டல் ஆக்குகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கட்டியவர் பெயரை எழுதும் பலகையில், அங்கே சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், பங்கா இழுத்தவர் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பெயர் தெரிந்தால் பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் 'பெயரைக் குறித்து வைக்கவில்லை' என்றே எழுதுங்கள்; அதுவும் சரித்திரம்தான். வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் காசில்லாமல் உள்ளே விடுங்கள். தன் ஊரின் பாரம்பரியத்தை வாசற்காவலரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கு அது பாரம்பரியமா, பிறத்தியார் சொத்தா?

எங்கள் ஊர்த் தனவந்தர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மிச்சமிருக்கிற பழைய மில் ஒன்று, பழைய பனியன் கம்பெனி ஒன்று, இரண்டை விட்டுவையுங்கள். ஹோட்டலாக்கித்தான் காக்க முடியும் என்றால் தாராளமாக ஆக்குங்கள். நல்ல காப்பியும் கொடுங்கள். ஆனால் யந்திரம் நின்ற இடத்தில் யந்திரம் நிற்கட்டும். சம்பளப் புத்தகம் மேஜைமேல் திறந்திருக்கட்டும். 127 நாள் பூட்டும் சுவரில் இருக்கட்டும். நொய்யல் தண்ணீர் ஒரு புட்டியில் இருக்கட்டும், அது எந்த நிறத்தில் ஓடியது என்ற குறிப்போடு. வெளிநாட்டிலிருந்து வருகிற வியாபாரி, தான் மலிவாக வாங்கிப் போகிற பனியனுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் படித்துவிட்டுத் தூங்கட்டும்.

தூக்கம் வரவில்லை என்று அவர் காலையில் புகார் சொன்னால், அன்றைக்குத்தான் அது பாரம்பரிய ஹோட்டல் ஆயிற்று என்று நான் ஒப்புக்கொள்வேன்.