விளையாட்டு வீண்பொழுதா?

விளையாட்டு சிறுவர்க்கு உரியது. அவர்க்கும் படிப்பு முடிந்த பின்னரே உரியது. வளர்ந்தோர்க்கோ அது இழுக்கு. இவ்வாறொரு எழுதாச் சட்டம் நம்மிடையே வழங்குகின்றது. ‘விளையாட்டுப் புத்தி’ என்பது வசைமொழியாகவே நிலைத்துவிட்டது. இச்சட்டம் நம் மரபுக்கும் ஒவ்வாது, அறிவுக்கும் ஒவ்வாது.

மரபை முதலில் நோக்குவோம். இளங்கோவடிகள் வாழ்த்துக் காதையில் அம்மானை, பந்து, ஊசல் ஆகியவற்றிற்குரிய வரிப்பாடல்களை அமைத்தார். மணிவாசகர் அம்மானை, சாழல், தோணோக்கம், பொன்னூசல் என மகளிர் ஆடல்களின் வடிவிலேயே இறைவனைப் பாடினார். விளையாட்டை இழிவெனக் கருதிய சமுதாயத்தில் இத்தகைய பாடல்கள் தோன்றியிரா. இவை பெரும்பாலும் பெண்களின் ஆடல்கள் என்பதும் கருதத்தக்கது. இன்றோ பூப்பெய்திய நாளோடு பல பெண்களின் விளையாட்டு முடிந்துவிடுகின்றது. மரபைக் காப்பதாகக் கூறுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

கிழக்கிலங்கையில் சான்றுக்குக் குறைவில்லை. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு முறித்தலில், ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவினராகி, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வடங்கட்டி இழுப்பர். இழுப்போர் சிறுவரல்லர்; வளர்ந்த ஆடவர். பகைமையின்றிப் போட்டியிடும் பயிற்சியை வழிபாட்டின் வரம்புக்குள் வைத்து அச்சமுதாயம் பேணியது.

இனி, திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தை எண்ணுக. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல் சூழ்ந்த ஊர் அது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே வெறுமையாய்க் கிடக்கும் வயலைவிடச் சிறந்த விளையாட்டுத் திடல் இத்தகைய ஊர்ச் சிறுவர்க்கு வேறில்லை. போர்க்காலத்தில் மாலைப் பொழுதை அச்சம் கவர்ந்தது. 2009ஆம் ஆண்டில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. எனினும், இலங்கை எங்குமே மாலைப் பொழுது சிறுவரிடம் முழுமையாக மீளவில்லை. இன்று அதனைக் கவர்வது தனியார் வகுப்பு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பத்து வயதுக் குழந்தை பள்ளி விட்டதும் மற்றொரு வகுப்பிற்கு விரைகின்றது.

“ஏழை உழவன் மகனுக்குக் கல்வியன்றி வேறு ஏணி யாது?” என்பர். வினா நேர்மையானது, அப்பரீட்சையே ஏழை மாணவரைக் கைதூக்கிவிட எழுந்ததுதான். ஆயின் கட்டண வகுப்புகளின் போட்டியில் முந்துபவன் வசதியுள்ளவன் மகனே. ஏழைக் குழந்தை பந்தயத்திலும் பிந்துகின்றது, மாலையையும் இழக்கின்றது. மேலும், கிளித்தட்டில் நடுவர் இல்லாமலே விதியை வகுத்து, வழக்கைத் தீர்த்து, தோல்வியை ஏற்கும் சிறுவன் கற்பதை எந்த வினாத்தாள் கற்பிக்கும்? 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம், தன் 31ஆம் உறுப்புரையில் விளையாட்டைச் சலுகையாக அன்றி உரிமையாகவே கூறுகின்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்றது. ஏற்ற உரிமையைப் பெற்றோரும் ஆசிரியருமே பறித்தல் முறையாகுமா?

வளர்ந்தோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பதினொருவர் ஆடுவதைத் திரையில் நோக்கியிருத்தலை விளையாட்டு என மயங்குகின்றனர். காண்பது வேறு, ஆடுவது வேறு. தாம் ஆடாத பெற்றோர், பிள்ளை ஆடுவதை வீணெனக் கருதுதல் இயல்பே.

ஆகவே வேண்டுவன மூன்று. ஆரம்ப வகுப்பினர்க்கு மாலை வகுப்புகள் நிறுத்தப்படல் வேண்டும். ஊர்தோறும் விற்கப்படாத, வேலியிடப்படாத திடல் ஒன்று காக்கப்படல் வேண்டும். பெரியோர், ஆடவரும் பெண்டிரும், அத்திடலில் தாமும் இறங்கல் வேண்டும். பரீட்சைகளைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகுந்த நாம் இதனைக் கூறாவிடின், வேறு யார் கூறினும் “படிக்க இயலாதவன் பேச்சு” என்றே ஒதுக்குவர்.