பழுதுபட்ட வண்டியும் பயிலும் மாணவனும்

யூபிலி ஆண்டு வந்துற்றபோது, "கல்லூரிக்கு யாது அளிக்கலாம்?" என்னும் வினா பழைய மாணவர் உள்ளங்களில் எழுவது இயல்பு. கடல் கடந்து வாழும் அன்பர்கள் கணினிகளையும், புத்தம் புதிய மின்னணுக் கருவிகளையும் அனுப்ப விழைகின்றனர். அவ்வன்பு போற்றற்குரியது. ஆயினும், யான் வேறொன்றை வேண்டி இச்சிறு கட்டுரையை வரையத் துணிந்தேன். உங்கள் வீட்டுப் பரண்களிற் பழுதுபட்டுக் கிடக்கும் பழைய 'றிமோட் கார்'களை நம் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்பதே என் வேண்டுகோள். நகைக்க வேண்டா, காரணத்தைக் கேட்டபின் தீர்ப்புக் கூறுக.

வானலையால் இயக்கப்படும் இவ்வண்டிகளுள், மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓடவல்ல 'பகி' என்னும் இனம் தனிச்சிறப்புடையது. பெரிய பகியே ஒரு மாற்றியமைப்பின் பேறு எனலாம். 1964ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பார் கண்ணாடி நாரினால் வார்த்த இலேசான உடலொன்றை ஆக்கி, வொக்ஸ்வாகன் காரின் உறுப்புக்களோடு இணைத்துக் கடற்கரை மணலில் ஓட்டினார். அதன் வழிவந்த சிறுவண்டிகளை யப்பான் நாட்டு ஷிசுவோக்கா நகரின் தமியா நிறுவனம் உலகெங்கும் பரப்பிற்று. 1979இல் 'சாண்ட் ஸ்கோச்சர்', 1983இல் தவளையின் பெயர்கொண்ட 'பிரொக்', 1984இல் வெட்டுக்கிளியாகிய 'கிராஸ்ஹொப்பர்', குளவியாகிய 'ஹோர்னெற்' என்பன வெளிவந்தன. இவை முழுவண்டியாக விற்கப்படவில்லை. உறுப்புக்களும் படவிளக்கமும் ஒரு பெட்டியில் வரும். வாங்கியவனே திருகாணி முடுக்கி வண்டியை ஆக்கவேண்டும். கையாற் பூட்டியதைக் கையாற் கழற்றவும் கூடும். இன்றைய கருவிகள் பலவற்றுக்கு அப்பேறு இல்லை. அவை ஒட்டி மூடப்பட்டவை. பழுதுற்றாற் குப்பைக்கே உரியவை.

நாற்பது ஆண்டு கிடந்த ஒரு வண்டியைத் திறக்கும் மாணவன் யாது காண்பான்? முதலிற் கையிலேந்தும் அனுப்பு கருவியிற் பழைய பற்றரி கசிந்து செம்புத் தகடுகளிற் பூத்திருக்கும். காரக் கசிவாயின் சிறிது வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ அதனை நடுநிலையாக்கும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாய்க் கிடந்த அமில கார வினை அப்பொழுது அவன் கண்ணெதிரே நுரைக்கும். அடுத்து, வேகத்தை அடக்கும் பகுதி. அக்காலத்து வண்டிகளில் ஒரு சிறுகை தொடுதகடுகளின்மேல் நகர்ந்து, மின்னோட்டத்தை ஒரு தடையினூடே செலுத்தும். மெதுவாக ஓடும்போது மிகுந்த சக்தி அத்தடையில் வெப்பமாய் வீணாகும். தொட்டாற் கை சுடும். ஓமின் விதியை மனனஞ்செய்தவன் மறப்பான். விரல் சுட்டு அறிந்தவன் மறவான்.

பின்னர்ப் பற்சில்லுகள். பற்கள் தேய்ந்தமை மணலாலோ, எண்ணெய் வற்றியதாலோ, மோட்டாரைப் பொருத்திய இடைவெளி பிழைத்ததாலோ என்று தேர்ந்தறிய வேண்டும். திருகாணிகளும் பாடம் புகட்டுவன. யப்பானியரின் சிலுவைத் தலைத் திருகாணி பார்வைக்கு நம் கடைகளில் விற்பதைப் போன்றதே. ஆயினும் அதன் வெட்டு சிறிது வேறு. பொருந்தாத திருப்புளியை வைத்து வலிந்து திருகினால் தலை சிதைந்துவிடும். பொறுமையும் பொருத்தமும் எத்துணை வேண்டும் என்பதை இதனினும் எளிதாய்க் கற்பிக்கும் ஆசான் எவர்?

சீர்செய்தல் ஒன்று, மாற்றியமைத்தல் மற்றொன்று. இவ்விரண்டின் எல்லையை ஆராயுமிடத்திலேதான் உண்மையான கல்வி தொடங்குகின்றது என்பது என் துணிபு. கிராஸ்ஹொப்பரை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தில் வெறுஞ் சுருள்வில்லே உண்டு. அதிர்வை அடக்கும் எண்ணெய்க் குழாய் இல்லை. ஆகவே மேட்டில் ஏறினால் அது துள்ளும். அதன் உடன்பிறப்பாகிய ஹோர்னெற் வண்டிக்குப் பின்புற எண்ணெய்க் குழாய்களும் வலிய மோட்டாரும் உண்டு. அவற்றைக் கழற்றி இதிற் பூட்டுதல் அரிதன்று. பூட்டினால் வண்டி விரைந்தோடும், துள்ளலும் அடங்கும். துள்ளாத வெட்டுக்கிளி வெட்டுக்கிளியாகுமோ? பிரொக் வண்டியின் நிலை வேறு. அதன் சில்லுகளைச் சுழற்றும் அச்சுக்களின் அறுகோண முனைகள் விரைவில் தேய்ந்து வழுக்கின. 2005இல் அவ்வண்டியை மீண்டும் வெளியிட்டபோது நிறுவனமே அக்குறையைத் திருத்திற்று. அங்கே மாற்றம் பழுது நீக்கம். இங்கே மாற்றம் இயல்பின் இழப்பு. எது குறை, எது குணம் எனப் பகுத்துணரும் மதி, வண்டிக்கு மட்டுமன்றி ஊருக்கும் வழக்காற்றுக்கும் வேண்டற்பாலது.

பழைய பொருளைப் புதுவாழ்வுக்கு ஆக்கும் இம்மரபு நமக்குப் புதிதன்று. இலங்கையின் வானொலி அத்தகைய முயற்சியிலேயே பிறந்தது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், சிறைபிடிக்கப்பட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியுறுப்புக்களைக் கொண்டே 1923இற் கொழும்பிற் பரீட்சார்த்த ஒலிபரப்பை நிகழ்த்தினார். முறையான ஒலிபரப்பு 1925இல் தொடங்கிற்று. 1990களில் வடபகுதியிற் பெற்றோலுக்குத் தடை நிலவியபோது, பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை நம்மவர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலிற் கிளப்பி, பொறி சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த பொறியில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் அக்காலத்தேதான்.

நம் வாவிக்கரை மண்ணும் இத்துறையில் ஒரு பேராசானை உடையது. காரைதீவில் 1892இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புக்களிலிருந்து, கணிதத்தின் துணையால், மீட்டுத் தந்தார். அவ்வாராய்ச்சி 1947இல் யாழ் நூலாய் வெளிவந்தது. மீட்பவன் தன் விருப்பத்தை முற்படுத்தாது, கிடைத்த சான்றையே முற்படுத்த வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. ஒரு பெரும் இசைக்கருவியையும் ஒரு சிறுவனின் விளையாட்டு வண்டியையும் ஒப்பிடுதல் தகுமோ என்பார்க்கு, பொருள் சிறிதாயினும் நெறி ஒன்றே என விடையிறுப்பேன்.

இனித் தடைகளைக் கருதுவோம். "பரீட்சைக்கு உதவுமோ?" என்று பெற்றோர் வினவுவர். நேரடியாக உதவும் என்று பொய்யுரைக்க மாட்டேன். கிழமைக்கு ஒரு மாலைப் பொழுது இதன்கட் செல்லும். அது படிப்பினின்று எடுத்த நேரமே. எனினும் பௌதிகத்தில் முழுப்புள்ளி பெற்ற மாணவன் வீட்டு மின்விசிறியைத் திறக்க அஞ்சுவானாயின், அப்புள்ளியின் பயன் யாது? "செலவு மிகுமே" என்பார் உளர். பழைய மூல உறுப்புக்களின் விலை மிகுதிதான். ஆயின் கிராஸ்ஹொப்பர், ஹோர்னெற் முதலியன மீள வெளியிடப்பட்டமையால் அவற்றின் உறுப்புக்கள் பல புதியனவாகவே கிடைக்கின்றன. அத்தகைய வண்டிகளையே முதலில் தேர்ந்தெடுத்தல் நன்று.

ஆபத்தையும் மறைத்தலாகாது. பழைய நிக்கல் கட்மியப் பற்றரியில் நஞ்சுள்ளது. அதனை மண்ணிற் புதைத்தல் தகாது. புதிய லிதியம் பற்றரி தவறாக மின்னேற்றப்பட்டாலோ துளையுண்டாலோ தீப்பற்றும். ஆசிரியர் இல்லாதவிடத்து மின்னேற்றுதல் கூடாது என்பது முதல் விதியாதல் வேண்டும். ஆதலின் பற்றரிகளை அகற்றிவிட்டு வண்டியை மட்டுமே அன்பர்கள் அனுப்புதல் நலம்.

வேறு மூன்று விதிகளையும் முன்வைக்கின்றேன். மூல உறுப்பெதனையும் வெட்டவோ துளைக்கவோ கூடாது. கழற்றிய உறுப்பைப் பெயரெழுதிய உறையிலிட்டுப் பேணவேண்டும். பழைய 27 மெகாஹேட்ஸ் வானொலியை நீக்கி, பல வண்டிகள் ஒருங்கே ஓடுதற்கேற்ற 2.4 கிகாஹேட்ஸ் வானொலியைப் பூட்டினாலும், பழையது அலுமாரியில் இருத்தல் வேண்டும். செய்தவை யாவும் ஒரு குறிப்பேட்டில் நல்ல தமிழில் எழுதப்படவேண்டும். 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் விபுலாநந்தரே என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழும் நமக்கு உப்புக்காற்றின் கொடுமை தெரியும். நம் வீடுகளில் இரும்பு துருவேறும். செம்பு பச்சை பூக்கும். பேணுவதற்கு அறியாதவன் இந்நிலத்தில் ஆண்டுதோறும் புதிது வாங்கியே வறியனாவான். பேணக் கற்றவனோ தன் பொருளுக்கும் தன் கைக்கும் தானே உரியவனாவான். அன்பர்களே! வண்டியை அனுப்புங்கள், ஊர் வரும் விடுமுறையில் ஒரு மாலையேனும் மாணவர் அருகே அமர்ந்து திருப்புளி பிடிக்கும் முறையைக் காட்டுங்கள். பணத்தினும் அவ்வொரு மாலை நம் கல்லூரிக்குப் பெரிதாம்.