பேட்டர்னும் முதலாளியும்

தையல் கூடங்களில் நாள்தோறும் புழங்கும் சொல் 'பேட்டர்ன்'. சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று தனித்தனியாக அட்டையில் வெட்டி, ஆணியில் மாட்டி வைத்திருப்பார்களே, அதுதான். அந்தச் சொல்லின் பிறப்பைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

லத்தீன் மொழியில் 'பாட்டர்' என்றால் தந்தை. அதிலிருந்து காப்பாளரைக் குறிக்கும் 'பட்ரோனுஸ்' வந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் புகுந்தபோது ஆதரவு தரும் பெரியவருக்கும், பார்த்துச் செய்ய வேண்டிய மாதிரிக்கும் ஒரே சொல்லாக இருந்தது. பிற்பாடுதான் ஆங்கிலத்தில் 'பேட்ரன்', 'பேட்டர்ன்' என்று இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுக்காரர்களோ இன்றைக்கும் முதலாளியையும் தையல் மாதிரியையும் ஒரே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

தாராவியின் தையல் கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அட்டை யார் கையிலோ, அதிகாரமும் அவர் கையில்! துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு மெஷினால் வெட்டுகிறார்கள். நூறு அடுக்கில் அரை அங்குலம் பிசகினால் நூறு சட்டையும் பாழ். அதனால்தான் கட்டிங் மாஸ்டருக்கு அந்த மரியாதை. மெஷினில் குனிந்து பீஸ் கணக்கில் தைப்பவருக்கோ வேலை இருந்தால்தான் கூலி.

பத்து வருடம் காலர் மட்டுமே தைத்தவர், பத்து வருடம் கழித்தும் காலர் தைப்பவராகவே இருக்கிறார். மாஸ்டர் கற்றுத் தருவதில்லை என்று குறை சொல்லிப் பயனில்லை. தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் தன் இடம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் இருக்கும். அவரும் கூலிக்காரர்தானே!

பேட்டர்ன் வரைவது தேவ ரகசியம் அல்ல. டேப், ஸ்கேல், பென்சில், பழைய செய்தித்தாள் இருந்தால் பழகலாம். உடல் அளவோடு எவ்வளவு தளர்வு கூட்டுவது, தையலுக்கு எவ்வளவு விடுவது, சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்கு எப்படி மாற்றுவது என்பதெல்லாம் கூட்டல், கழித்தல் கணக்குதான். பெரிய ஆலைகளில் இன்று இதைக் கணினியில் செய்கிறார்கள் என்றாலும், அடிப்படை தெரியாதவருக்குக் கணினியாலும் பலன் இல்லை.

பொங்கல் விழாவுக்கு மேடை போடும் நம் சங்கங்கள், ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் இதற்கும் இடம் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் முன்வந்தால் போதும். தைக்கத் தெரிந்த கைக்கு வெட்டவும் தெரிந்துவிட்டால், கூலி பேசும்போது குரலில் தானாகவே உறுதி வரும்.