டேப்பா, ஸ்பேஸா?

பாண்டிச்சேரி போகும் வழியில் மரக்காணத்தில் டீக்கு நிறுத்தினோம். ரோட்டோரம் உப்புப் பாத்திகள், கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக. கூட வந்த அக்கா பையன் சாஃப்ட்வேர்காரன். லேப்டாப்பும் கையுமாகக் கடுகடுவென்று இருந்தான்.

"என்னடா?"

"ஒரே ஒரு வரி திருத்தினேன் மாமா. ரெண்டாயிரம் வரி மாறியிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

விஷயம் இதுதான். புரோகிராமில் சில வரிகளை உள்ளே தள்ளி எழுதுவார்கள். எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் குடுமிப்பிடி. லினக்ஸ் கெர்னலில் டேப் அடிக்க வேண்டும், எட்டெழுத்து அகலம். பைத்தான்காரர்களின் 'பெப் 8' (2001) நாலு ஸ்பேஸ் என்கிறது. நம்ம பையனின் எடிட்டர், சேமிக்கும்போதே மொத்த ஃபைலுக்கும் தன் இஷ்டத்துக்குத் தலைசீவி விட்டுவிட்டது. நிஜத் திருத்தம் எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

'வெறும் அழகு சமாசாரம்தானே?' என்று கேட்காதீர்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐபோனில் அவசரமாக ஒரு ஓட்டையை அடைத்தது. 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்திருந்தது. இரண்டாவதும் உள்ளே தள்ளியிருந்ததால், மேலே உள்ள 'இஃப்'புக்குக் கட்டுப்பட்ட பிள்ளை போலத் தெரிந்தது. கட்டுப்படவில்லை. கையொப்பம் சரிபார்க்கும் இடத்தைத் தாண்டிக் குதித்து, 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது! 2016-ல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், கண்ணை ஏமாற்றும் இப்படிப்பட்ட வரிகளுக்கென்றே ஓர் எச்சரிக்கையோடு வந்தது.

வைத்தியம் சுலபம். புராஜெக்டின் தலைமை ஃபோல்டரில் '.எடிட்டர்கான்ஃபிக்' என்று ஒரு குட்டி ஃபைல். டேப்பா ஸ்பேஸா, எத்தனை, வரி எப்படி முடிய வேண்டும்... நாலைந்து வரி போதும். சில எடிட்டர்கள் தாமாகவே அதைப் படித்து அடங்கி நடக்கும். விஎஸ் கோட் மாதிரி சிலதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். சேமிக்கும்போது தானாகச் சீவிவிடும் வசதியை, பழைய ஃபைல்களைத் தொடும்போது அணைத்து வையுங்கள். சொந்தப் புரோகிராமில் உங்கள் ருசி. ஊர்ப் பந்தியில் ஊர் ருசி.

பக்கத்தில் ஒரு பெரியவர் வரப்பைச் சரிசெய்து கொண்டிருந்தார். "கொஞ்சம் கோணலா இருந்தா என்னங்க?" என்றேன்.

"அவனவன் இஷ்டத்துக்கு வரப்பு போட்டா தண்ணி எப்படி சார் போவும்?"

"மாமா, எங்க டீம் லீடர் மாதிரியே பேசறார்!"

"உங்க டீம் லீடர் இந்த வெயில்ல நிப்பாரா?"

பையன் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து, அந்த ரெண்டாயிரம் வரியையும் பழையபடி மாற்ற ஆரம்பித்தான்.